வீட்டுக்காரரும் லாப்ரடாரும் சேர்ந்து இளைப்பது எப்படி?

பெங்களூர் ராமமூர்த்தி நகரிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: "வயது 42, ஐ.டி. வேலை, வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்துதான். உயரம் 168 செ.மீ., எடை 82 கிலோ. வெறும் வயிற்றில் சர்க்கரை 112, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 6.1. எடையைக் குறைக்கச் சொல்லி டாக்டர் மூன்று மாதம் கெடு கொடுத்திருக்கிறார். அதே வாரம் எங்கள் லாப்ரடார் ஜூலியைத் தடுப்பூசிக்குக் கூட்டிப் போனால் அங்கேயும் இதே பாட்டு. ஐந்து வயது, கருத்தடை ஆனது, 39 கிலோ. பொம்மி என்று ஒரு பூனையும் இருக்கிறது, அதுவும் உருண்டைதான். நானும் ஜூலியும் தினமும் நடக்கிறோம். சாப்பாடும் அளவாகத்தான் இருக்கிறது. அம்மா எங்களோடு இருக்கிறார். தப்பு எங்கே?"

அம்மா உங்களோடு இருப்பதை ஏன் எழுதினீர்கள் என்று புரிகிறது. ஆனால் பழியை அவர் ஒருத்தர் தலையில் கட்டிவிடாதீர்கள். உங்கள் கையும் சும்மா இருந்திருக்காது.

நான் கால்நடை மருத்துவன். அல்சூர் பக்கம் 20 வருஷத்துக்கு மேலாக கிளினிக் வைத்திருக்கிறேன், வருகிறவர்களில் பாதிப் பேர் தமிழில்தான் பேசுவார்கள். மனிதர்களுக்கு வைத்தியம் சொல்ல எனக்குப் பாத்தியதை கிடையாது. என் மனைவி உணவியல் நிபுணர். உங்களைப் பற்றிய பகுதி அவர் சொல்லச் சொல்ல நான் எழுதியது. ஓரிடத்தில் எங்களுக்குள் ஒத்துப் போகவில்லை, அதையும் அப்படியே விட்டு வைத்திருக்கிறேன்.

எடை கூடிய நாயைக் கூட்டி வருகிறவர்களிடம் "என்ன சாப்பாடு கொடுக்கிறீர்கள்" என்று கேட்பதை நான் விட்டுப் பல வருஷம் ஆகிறது. கேட்டால் ஒரே பதில்தான். "காலையில ஒரு கப் ட்ரை ஃபுட், ராத்திரி ஒரு கப், அவ்வளவுதான் டாக்டர்." யாரும் பொய் சொல்வதில்லை. அவரவர் கையால் போனது அவ்வளவுதான். அதனால் இப்போது ஒரு வேலை கொடுக்கிறேன். மூடி போட்ட ஒரு பாத்திரத்தைச் சமையலறை மேடையில் வையுங்கள். ஒரே ஒரு நாள், நாய்க்கு யார் எதைக் கொடுத்தாலும் அதே அளவு இன்னொரு பங்கை அதில் போட வேண்டும். பிஸ்கட் கொடுத்தால் டப்பாவிலும் ஒரு பிஸ்கட். மறுநாள் காலை அதை என்னிடம் கொண்டு வர வேண்டும்.

சில மாதம் முன்பு ஒரு குடும்பம் அப்படிக் கொண்டு வந்தது. டப்பா போதாமல் பால் வாங்கும் தூக்குச் சட்டியில் எடுத்து வந்திருந்தார்கள். ஒவ்வொன்றாக ஒரு தட்டில் எடுத்து வைத்தேன். மேரி பிஸ்கட் ஒன்பது. இட்லி மூன்று. தோசையின் மொறுமொறு ஓரங்கள், சேர்த்து வைத்தால் கையகலம் வரும். தயிர் சாதம் இரண்டு கரண்டி, தாளித்த கடுகோடு. நெய் தடவிய சப்பாத்தி ஒன்று. அரை வாழைப்பழம். ஒரு சீஸ் துண்டு. அது மாத்திரையை உள்ளே வைத்துக் கொடுக்க வாங்கியதாம், மாத்திரை நின்று நாலு மாதம் ஆகிறது, சீஸ் நிற்கவில்லை. எல்லாவற்றுக்கும் அடியில் அந்த இரண்டு கப் ட்ரை ஃபுட். வீட்டம்மா மகளைப் பார்த்து, "இதெல்லாம் யாருடி குடுத்தது?" என்றார். மகள் அப்பாவைப் பார்த்தாள். அப்பா நாயைப் பார்த்தார்.

கணக்குப் போட்டோம். மேரி பிஸ்கட் ஒன்று சுமார் 25 கலோரி, ஒன்பதுக்கு 225. இட்லி ஒன்று 50 வைத்தால் 150. மிச்சத்தையும் சேர்த்தால் 850-ஐத் தாண்டியது. இரண்டு கப் ட்ரை ஃபுட் இன்னொரு 800. அதாவது ட்ரை ஃபுட் அளவு சரியாகவே இருந்தது, அதற்கு மேல் இன்னொரு நாய்க்கான சாப்பாடும் அந்த வயிற்றுக்குள் போய்க்கொண்டிருந்தது.

ஜூலி விஷயத்தில் முதல் கேள்வி, அவள் எவ்வளவு எடை இருக்க வேண்டும் என்பது. பெண் லாப்ரடார் பொதுவாக 25 முதல் 32 கிலோ. ஆனால் தராசை விடக் கை நல்ல கருவி. அவள் விலாவை லேசாகத் தடவுங்கள். உங்கள் உள்ளங்கையை நீட்டி, புறங்கையில் விரல் கணுக்களுக்கு மேல் தடவினால் எலும்பு தட்டுகிறதே, விலா அந்த மாதிரி தட்டினால் சரியான உடம்பு. முஷ்டி மடக்கிய கணுக்கள் மாதிரி துருத்தினால் மெலிவு. உள்ளங்கைப் பக்கம் தடவுகிற மாதிரி மெத்தென்று இருந்து, அழுத்தித் தேடினால்தான் விலா கிடைக்கிறது என்றால் கொழுப்பு. நாங்கள் இதை 9 படியாக அளப்போம். 5 சரியான உடம்பு, அதற்கு மேல் ஒவ்வொரு படிக்கும் ஏறக்குறைய 10 சதவீதம் கூடுதல் எடை. 39 கிலோவில் ஜூலி எட்டாம் படியில் இருப்பாள் என்பது என் ஊகம். அப்படியானால் அவளுடைய எடை 30 கிலோ.

அந்த 30 கிலோவுக்குத்தான் சோறு போட வேண்டும், 39-க்கு அல்ல. பையின் பின்னால் அச்சடித்திருக்கும் அட்டவணையைப் பார்த்து "39 கிலோ நாய்க்கு இவ்வளவு" என்று அளந்து போடுகிறவர்கள் நிறைய. அது கொழுப்புக்கும் சேர்த்துத் தீனி போடுவது. நாங்கள் போடும் கணக்கு இது: எடையை 0.75 என்ற அடுக்குக்கு உயர்த்தி 70-ஆல் பெருக்க வேண்டும். 30 கிலோவுக்கு ஏறக்குறைய 900 கலோரி வரும். சும்மா படுத்திருக்க ஒரு நாளைக்கு அவ்வளவு போதும், எடை குறைய வேண்டிய நாய்க்கு அதிலிருந்துதான் தொடங்குவோம். கருத்தடைக்குப் பிறகு உடம்பின் தேவை கால் பங்கு வரை குறையும் என்பதையும் யாரும் வீட்டுக்காரர்களிடம் அழுத்திச் சொல்வதில்லை. நாங்கள் தையல் பிரிக்கும் நாளில் சொல்கிறோம், அன்றைக்கு அவர்கள் கவனம் தையலில் இருக்கிறது.

இந்த 900-இல் பத்தில் ஒரு பங்கு, அதாவது 90 கலோரி, கொஞ்சிக் கொடுக்கும் தின்பண்டத்துக்கான கொஞ்சல் கணக்கு. மீதி 810. ட்ரை ஃபுட் 100 கிராமுக்கு 360 கலோரி என்றால் 225 கிராம். கப்பில் அளக்காதீர்கள். ஒரே கப்பை நான் மொண்டால் 95 கிராம், என் மகன் மொண்டால் 125. சமையலறைத் தராசு ஐந்நூறு ரூபாய்க்குள் கிடைக்கிறது, அது மருந்தை விட மலிவு. இப்போது கொடுப்பதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்ட வேண்டி வந்தால் சாதா தீனியையே குறைத்துக்கொண்டு போகாதீர்கள். கலோரியோடு புரதமும் தாது உப்புகளும் சேர்ந்து குறைந்துவிடும். எடை குறைப்புக்கென்றே புரதமும் நாரும் கூட்டிச் செய்த தீனி இருக்கிறது, உங்கள் டாக்டரிடம் கேட்டு மாற்றுங்கள். அப்படியே ஒரு தைராய்டு பரிசோதனையும் செய்துவிடுங்கள். குண்டாக இருக்கிற நாய்களில் தைராய்டுக்காரர்கள் கொஞ்சம்தான், ஆனால் அது இருந்தால் பட்டினி போட்டும் பயனில்லை.

வாரத்துக்கு உடல் எடையில் 1 சதவீதம், மிஞ்சிப் போனால் 2. ஜூலிக்கு முதலில் 400 கிராம் பக்கம். ஒன்பது கிலோ இறங்க ஆறு மாதம் போல ஆகும். தீபாவளிக்குள் முடியுமா என்று கேட்காதீர்கள்.

இவ்வளவு பாடு படுவதால் என்ன லாபம்? லாப்ரடார்களை வைத்தே ஒரு பெரிய ஆராய்ச்சி நடந்தது. 48 குட்டிகள். கூடப் பிறந்தவற்றை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒன்றுக்குக் கொடுப்பதில் கால் பங்கு குறைத்து மற்றதற்குக் கொடுத்தார்கள், கடைசி வரைக்கும். 2002-இல் முடிவு வந்தது. வழக்கமாகத் தின்றவை பாதி 11.2 வயதுக்குள் போய்விட்டன. குறைவாகத் தின்றவற்றில் அந்தப் பாதிக் கணக்கு 13 வயதுக்கு நகர்ந்தது. மூட்டு வலிக்கு மருந்து தேவைப்பட்டதும் அவற்றுக்குத் தாமதமாகத்தான். நாயின் கணக்கில் 1.8 வருஷம் சின்ன விஷயமில்லை.

"பாவம், பசிக்குது" என்று அம்மா சொல்வாரே, அதில் உண்மை இருக்கிறது. 2016-இல் கேம்பிரிட்ஜில் கண்டுபிடித்தார்கள்: லாப்ரடார்களில் ஏறக்குறைய நாலில் ஒன்றுக்கு, வயிறு நிறைந்ததை மூளைக்குச் சொல்லும் பாதையில் உள்ள பி.ஓ.எம்.சி. என்ற மரபணுவில் ஒரு துண்டு இல்லை. 2024-இல் இன்னொன்றும் சொன்னார்கள். அந்தக் குறை உள்ளவை இரண்டு வேளைக்கு நடுவில் அதிகம் பசிக்கின்றன, அதோடு சும்மா இருக்கும்போது கால் பங்கு குறைவாகவே கலோரி செலவழிக்கின்றன. இரட்டை அடி. ஜூலி உங்கள் தட்டுக்கு எதிரில் உட்கார்ந்து பார்க்கிற பார்வை நடிப்பாக இல்லாமல் போகலாம். ஆனால் ஒரு இட்லியைக் கொடுத்து அந்தப் பசியை அணைக்க முடியாது. வேகவைத்த பீன்ஸ், வெள்ளரிக்காய், சுரைக்காய், கேரட் கொடுங்கள். உப்பும் தாளிப்பும் கூடாது. 100 கிராம் பீன்ஸ் 30 கலோரி சொச்சம்தான், வயிற்றில் இடத்தை அடைக்கும்.

தயிர் சாதத்துக்கு வருவோம், அதைத் தவிர்த்துவிட்டுத் தமிழ் வீட்டு நாயைப் பற்றிப் பேச முடியாது. அது விஷம் என்று சொல்கிற கட்சியில் நான் இல்லை. நாய் ஓநாயிலிருந்து பிரிந்து மனிதனோடு வாழ வந்தபோது மாவுச்சத்தைச் செரிக்கும் திறனைக் கூட்டிக்கொண்டது என்று 2013-இல் வந்த மரபணு ஆராய்ச்சி சொல்கிறது. நம் பாட்டிமார் நாய்களெல்லாம் பழைய சோற்றில்தான் வளர்ந்தன. ஆனால் அந்த நாய்கள் தெருவெல்லாம் சுற்றின, ஒரு வேளைச் சோறு தின்றன, கருத்தடை ஆகாதவை. உங்கள் ஜூலி மூன்றாவது மாடி அபார்ட்மெண்டில் ஃபேனுக்குக் கீழே படுத்திருக்கிறாள். தயிர் சாதம் 100 கிராமுக்கு 100 கலோரிக்கு மேல். கொடுத்தால் கணக்கில் எழுத வேண்டும், அவ்வளவுதான். "முழுசாகவே வீட்டுச் சாப்பாடு போட்டுவிடலாமே, சாதமும் கோழியும்" என்று கேட்கிறவர்கள் உண்டு. வெறும் சாதமும் கோழியும் மாதக் கணக்கில் போட்டால் கால்சியம் குறையும், வேறு பலதும் குறையும். போடுவதானால் யாரிடமாவது முறையாக எழுதி வாங்கிக்கொண்டு போடுங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. நீங்கள் டயட் தொடங்கியதும் வீட்டுக்குள் சில புதுச் சாமான்கள் வரும்: உலர்ந்த திராட்சை, டார்க் சாக்லேட், சர்க்கரை இல்லாத சூயிங்கம். மூன்றும் நாய்க்கு ஆபத்து. திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும், எந்த நாய்க்கு எவ்வளவில் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. சாக்லேட் எவ்வளவு கசப்போ அவ்வளவு நஞ்சு. சர்க்கரை இல்லாத சூயிங்கம் சிலவற்றில் சைலிட்டால் என்ற மாற்று இனிப்பு இருக்கும். மனிதனை ஒன்றும் செய்யாத அது, நாயின் உடம்பில் இன்சுலினைக் கொட்ட வைத்து அரை மணி நேரத்தில் சர்க்கரையைத் தரைக்கு இறக்கிவிடும். கிலோவுக்கு 0.1 கிராமே போதும். லேபிளைப் படியுங்கள், கைப்பையைக் கதவில் மாட்டாதீர்கள். வெங்காயம் போட்ட சாம்பார் சாதமும் கேசரியில் கிடக்கும் திராட்சையும் எப்போதுமே கூடாதவைதான்.

பொம்மிக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் கவனமாகக் கேளுங்கள். பூனையைப் பட்டினி போடக் கூடாது. நாய் ஒரு நாள் சாப்பிடாவிட்டால் ஒன்றும் ஆகாது. குண்டுப் பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தால் உடம்புக் கொழுப்பெல்லாம் ஈரலில் போய் அடைந்து உயிருக்கே ஆபத்தாகும். வாரத்துக்கு அரை சதவீதம், அதிகம் போனால் ஒன்று. ஆறு கிலோப் பூனைக்கு அது 30 முதல் 60 கிராம். புதுத் தீனியைப் பிடிக்காமல் முகத்தைத் திருப்பினால் பழையதையே கொடுத்து மெல்ல மாற்றுங்கள். அவள் எடை 4.5 கிலோவாக இருக்க வேண்டும் என்றால் நாளைக்கு 170, 180 கலோரியில் தொடங்கலாம். பூனை இறைச்சி தின்னும் பிராணி, இதில் பேரமே இல்லை. டாரின் என்ற சத்து உணவில் குறைந்தால் பூனைக்கு இதயம் வீங்கித் தளர்கிறது என்று 1987-இலேயே நிரூபித்துவிட்டார்கள். கண்ணும் போகும். சைவ வீட்டில் பூனை வளர்ப்பது உங்கள் இஷ்டம், பூனையைச் சைவமாக்குவது நடக்காது. ஜூலியின் தட்டை பொம்மியும் பொம்மியின் தட்டை ஜூலியும் காலி செய்கிற வீடாக இருந்தால், பூனைத் தட்டை மேசை மேல் ஏற்றுங்கள். ஜூலியின் 39 கிலோவில் பொம்மிக்கும் பங்கு இருக்கலாம்.

இனி உங்கள் பக்கம். மனைவி பேசுகிறார், நான் எழுதுகிறேன்.

உங்கள் பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்கிற கணக்கு, 29. வெளிநாட்டு அட்டவணையில் அது "கொஞ்சம் அதிகம்" என்ற கட்டத்தில் இருக்கும். நம் உடல்வாகுக்கு 23-இலேயே கூடுதல், 25-இலேயே பருமன் என்று இந்திய நிபுணர்கள் 2009-இல் வரையறுத்தார்கள். ஆண்களுக்கு இடுப்பு 90 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். பேண்ட் அளவைச் சொல்லாதீர்கள், அது தொப்பைக்குக் கீழே போடுவது. தொப்புள் மட்டத்துக்கு டேப்பைப் பிடித்துப் பாருங்கள். உங்கள் சர்க்கரை எண்கள் இரண்டும் நீரிழிவுக்கு முந்தைய நிலை. இது திரும்பி வரக்கூடிய இடம். சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு நடத்திய இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில் (2006-இல் வெளியானது) உங்களைப் போல் எல்லைக்கோட்டில் இருந்தவர்களுக்குச் சாப்பாட்டிலும் நடையிலும் மட்டும் மாற்றம் செய்தபோது நோயாக மாறும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. மாத்திரை கொடுத்த குழுவில் 26.4. இதில் கவனிக்க வேண்டியது, அவர்கள் எடை பெரிதாகக் குறையவே இல்லை. தராசு அசையாவிட்டாலும் உள்ளே வேலை நடக்கிறது என்று அர்த்தம். அதனால் 82-லிருந்து 62-க்கு என்று மலையைப் பார்க்காதீர்கள். முதல் ஆறு மாதத்துக்கு ஐந்தாறு கிலோ போதும்.

ஜூலிக்கு வைத்த டப்பா உங்களுக்கும். ஒரு நாள் மட்டும், மூன்று வேளைத் தட்டு நீங்கலாக வாயில் போகிற எல்லாவற்றையும் எழுதுங்கள். பிள்ளை மிச்சம் வைத்த பூரி, வீணாகப் போகக் கூடாதே என்று முடித்த அரைக் கரண்டி பாயசம், மீட்டிங்குக்கு நடுவில் முறுக்கு. அப்புறம் காபி. பெங்களூரின் நல்ல பழக்கம் பை-டூ. தர்ஷினி என்கிற சின்ன ஓட்டலில் ஒரு காபியை இரண்டாகப் பிரித்து நின்றபடியே குடிப்பது. பாதிதான் என்ற நம்பிக்கையில் நாளைக்கு ஆறு பை-டூ போகிறது. பாலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரையும் போட்ட ஒரு முழுக் காபி சுமார் 80, 90 கலோரி என்றால் ஆறு பை-டூ என்பது மூன்று முழுக் காபி, 250 கலோரி பக்கம். சர்க்கரை மட்டுமே ஆறு ஸ்பூன். காபியை நிறுத்தச் சொல்லவில்லை, கும்பகோணத்துக்காரி நான், அதைச் சொல்ல மாட்டேன். சர்க்கரையை வாரத்துக்கு அரை ஸ்பூன் வீதம் குறைத்துக்கொண்டே வாருங்கள். ஒரு மாதத்தில் நாக்கு பழகிவிடும்.

அடுத்தது எண்ணெய். தட்டைப் பார்க்க வேண்டாம், மளிகை ரசீதைப் பாருங்கள். நாலு பேர் உள்ள வீட்டுக்கு மாதம் எத்தனை லிட்டர்? ஐந்து என்றால் தலைக்கு நாளொன்றுக்கு 38 கிராம், 340 கலோரி எண்ணெயிலிருந்தே. மூன்று லிட்டருக்கு இறக்கினால் தலைக்கு 130 கலோரிக்கு மேல் மிச்சம், யார் தட்டிலும் ஒரு பண்டமும் குறையாது. தோசைக்கல்லில் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்க்காமல் ஸ்பூனில் விடுவதுதான் வித்தியாசம். ஒரு ஸ்பூன் 45 கலோரி. வெளியில் சாப்பிடும் வெண்ணெய் மசால் தோசை தனிக் கணக்கு, அது 400-ஐச் சுலபமாகத் தாண்டும். சாப்பிடுங்கள், வாரத்தில் ஒரு நாள் அதற்கென்று ஒதுக்கி, அன்றைக்கு மதியம் மோரும் பொரியலும்.

சாதத்தை விட்டுவிட்டு ராகிக்கும் தினைக்கும் மாறியவர்கள் "ஏன் குறையவில்லை" என்று வருகிறார்கள். சமைக்காத ராகி 100 கிராமுக்கு 320 சொச்சம், அரிசி 350 சொச்சம். பெரிய வித்தியாசம் இல்லை. ராகியில் கால்சியமும் நாரும் அதிகம், பசி தாங்கும், அதற்காகச் சாப்பிடலாம். ஆனால் கைக்குள் அடங்காத இரண்டு உருண்டை களியை முழுங்கிவிட்டு "மில்லெட்தானே" என்று சொல்லக் கூடாது. நம் தட்டில் உண்மையான குறை புரதம். சாம்பார் ஊற்றிச் சாப்பிட்டால் பருப்பு சாப்பிட்டதாகக் கணக்கு வைத்துக்கொள்கிறோம், பெங்களூர் ஓட்டல் சாம்பாரில் பருப்பைத் தேட பூதக்கண்ணாடி வேண்டும், இனிப்புதான் தட்டுப்படும். உங்களுக்கு நாளைக்கு 60, 65 கிராம் புரதமாவது வேண்டும். வெந்த கொண்டைக்கடலை 100 கிராமில் 9 கிராம் போல, ஒரு முட்டையில் 6. மாலை நாலு மணி முறுக்கு இடத்தில் ஒரு கிண்ணம் சுண்டல் வையுங்கள். தட்டில் பாதி காய், கால் பாகம் சாதம் அல்லது சப்பாத்தி, கால் பாகம் பருப்போ முட்டையோ மீனோ. சாப்பிடும்போது காயையும் பருப்பையும் முதலில் முடித்துவிட்டுச் சாதத்துக்கு வந்தால் சர்க்கரை மெதுவாக ஏறும். டிசம்பர், ஜனவரியில் அவரைக்காய் வந்ததும் இந்த ஊரே அவரைத் தின்பண்டத்துக்கு வரிசையில் நிற்கும். பயப்படாதீர்கள். தோல் உரித்த அவரைப்பருப்பு புரதம்தான். வீட்டுக்கு வாங்கி வந்து குழம்பு வையுங்கள், எண்ணெயில் பொரித்துத் தெருவில் விற்பதுதான் பிரச்சினை.

இனி மறுபடி நானே பேசுகிறேன். நாங்கள் சண்டை போட்ட இடம் இது. நாயோடு நடப்பது உடற்பயிற்சியா? நான் ஆமாம் என்கிறேன். மனைவி இல்லை என்கிறார். "நாய் பத்தடிக்கு ஒரு கம்பத்தை மோந்து பார்க்குது, நீங்க போன் பார்க்கிறீங்க, இது எப்படி நடையாகும்?" என்கிறார். கணக்கு அவர் பக்கம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஜூலி 3 கிலோமீட்டர் நடந்தால் செலவாவது சுமார் 120 கலோரி, ஐந்து மேரி பிஸ்கட். உங்களுக்கு 150 முதல் 200, அரை மசால் தோசை. நடையால் மட்டும் இளைக்க முடியாது. இளைப்பது சமையலறையில்தான் நடக்கும். நடை எதற்கு என்றால் தசை கரையாமல் இருக்க, சர்க்கரை இறங்க, மூட்டு ஓட. ஆகவே சமாதான உடன்படிக்கை இது: முதல் 15 நிமிஷம் வேகமாக, பேச மூச்சு வாங்குகிற வேகத்தில், ஜூலியை நிற்க விடாமல். அதற்கப்புறம் அவள் இஷ்டத்துக்கு மோந்து பார்க்கட்டும், அது அவளுக்குப் பேப்பர் படிக்கிற மாதிரி. ராத்திரி அவளைக் கீழே கூட்டிப் போவீர்களே, அதை உங்கள் சாப்பாடு முடிந்த கையோடு வையுங்கள். சாப்பிட்டபின் பத்து, பதினைந்து நிமிஷ நடை சர்க்கரை உச்சிக்கு ஏறுவதைத் தடுக்கும். ஏப்ரல் வெயிலில் 39 கிலோ நாயைப் பகலில் ஓட வைக்காதீர்கள், காலை ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள்.

எங்கள் வீட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். என் டாஷண்ட் ஒரு காலத்தில் 13 கிலோ இருந்தது, ஒன்பதுக்கு மேல் போகக் கூடாத உடம்பு. கம்பவுண்டர் முகத்துக்கு நேரே சிரித்தார். ஒரு நாள் சோபாவிலிருந்து குதித்ததில் முதுகு வட்டு நழுவி, பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு மூன்று வாரம் கிடந்தது. தீனி போட்டது வேறு யாருமில்லை, நான்தான். ராத்திரி லேட்டாக வந்து சாப்பிடும்போது தட்டிலிருந்து அதற்கும் ஒரு கவளம். இதே பழக்கத்தில் என் தொப்பையும் வளர்ந்திருந்தது. ஸ்வீடனில் 2020-இல் ஒரு பெரிய ஆய்வு வந்தது. நீரிழிவு உள்ள நாயின் சொந்தக்காரருக்கு இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு மற்ற நாய்க்காரர்களை விட மூன்றில் ஒரு பங்கு போல அதிகமாம். பூனைக்காரர்களிடம் அந்தத் தொடர்பு காணவில்லை. பூனை தன் பாட்டில் தின்கிறது. நாய் நம்மோடு சேர்ந்து தின்கிறது என்று நான் அதற்கு அர்த்தம் வைத்துக்கொண்டேன். ஆய்வாளர்கள் அப்படித் தீர்ப்புச் சொல்லவில்லை.

அம்மா விஷயம்தான் பாக்கி. அவரிடம் "இனிமே ஜூலிக்கு ஒண்ணும் குடுக்காதீங்க" என்று சொல்லாதீர்கள். சொன்னால் உங்களுக்குத் தெரியாமல் கொடுப்பார், டப்பாவில் விழாது. மாறாக, காலையில் அந்த 225 கிராமை நீங்கள் நிறுத்து ஒரு டப்பாவில் போட்டு அவர் கையில் கொடுங்கள். வெட்டி வைத்த கேரட், பீன்ஸ் ஒரு கிண்ணம் பக்கத்தில். இன்றைக்கு ஜூலிக்கு உள்ளது எல்லாம் இதில் இருக்கிறது, எப்போது எவ்வளவு என்பது உங்கள் பொறுப்பு என்று சொல்லிவிடுங்கள். வேறு யாருக்குக் கொடுக்க ஆசை வந்தாலும் அம்மாவிடம் கேட்டு அந்த டப்பாவிலிருந்துதான் எடுக்க வேண்டும். என் அனுபவத்தில் வீட்டிலேயே கறாரான ஆள் அதற்கப்புறம் பாட்டிதான். தயிர் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் சாதமில்லாமல் இரண்டு ஸ்பூன் கெட்டித் தயிர், அதைக் கொஞ்சல் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, சனிக்கிழமை காலை, சாப்பாட்டுக்கு முன், அதே கிளினிக்கில் அதே தராசில் ஜூலியை ஏற்றுங்கள். எடை மட்டும் பார்க்க யாரும் காசு கேட்க மாட்டார்கள். நீங்களும் அன்றைக்கே வீட்டில் ஏறி, இரண்டு எண்ணையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதுங்கள். மூன்று முறை தொடர்ந்து அசையாமல் நின்றால் அளவில் பத்தில் ஒரு பங்கு குறைக்கலாம். ஆனால் குறைப்பதற்கு முன், இன்னொரு நாள் அந்தப் பழைய டப்பாவை மேடையில் வைத்துப் பாருங்கள்.